பல் பார்க்கும் படலம்

அருங்காட்சியகத்தில் அவளுக்கு ஒரு பதவிப் பெயர் உண்டு. அறைக் கதவில் பித்தளைத் தகட்டில் பொறித்து மாட்டியிருக்கிறார்கள். நீளமான பெயர் என்பதால் ஒருவரும் முழுதாகப் படித்ததில்லை. வாசல் காவலாளி வைத்த பெயர்தான் நிலைத்தது: இல்லையம்மா.

அந்தப் பெயர் வரக் காரணம் சனிக்கிழமைகள். சனிக்கிழமை காலையில் கீழ்த்தளத்து நடையில் ஒரு மேசையைப் போட்டு அவளை உட்காரவைத்துவிடுவார்கள். பொதுமக்கள் தாங்கள் கண்டெடுத்த கல்லைக் கொண்டுவந்து காட்டலாம். அது என்னவென்று அவள் சொல்வாள். ஆற்றோரம் நடக்கப் போனவர், வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியவர், நாய் கவ்விக்கொண்டு வந்ததை நாயிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தவர் என்று வரிசை வாசற்படி தாண்டித் தெருவில் நிற்கும். ஆளுக்கொரு பொட்டலம். ஒவ்வொரு பொட்டலத்திலும் உலகத்தையே புரட்டிப் போடப்போகிற ஒரு கண்டுபிடிப்பு.

"டைனோசர் முட்டைங்களா?"

"இல்லை. கூழாங்கல்."

"எரிகல்லு. வானத்துலேருந்து விழுந்தது."

"இல்லை. பட்டறைக் கசடு. லாரியிலேருந்து விழுந்திருக்கும்."

"இது மனுஷ மூளைங்க. அப்படியே கல்லாயிடுச்சு. மடிப்பெல்லாம் பாருங்க."

"இல்லை. பவளம்."

கடைசிப் பதிலைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் மலர்ந்துவிடும். அவள் படித்தது, ஆராய்ந்தது, தூக்கத்தில் உளறுவது எல்லாமே கல்லாகிப்போன பவளங்களைப் பற்றித்தான். பவளம் என்றால் கழுத்தில் கோத்துப் போடும் சிவப்பு மணி என்று நினைத்து வருகிறவர்களிடம், என்றோ ஒரு கடலின் அடியில் சுண்டுவிரல் அளவு உயிர் ஒன்று தனக்கென்று கல்லால் வீடு கட்டிக்கொண்டதையும், உயிர் போய், கடலும் போய், வீடு மட்டும் நின்றுவிட்டதையும் சலிக்காமல் எடுத்துச் சொல்வாள். கேட்பவர் காதில் ஏறினால்தானே? மூளையோடு வந்தவருக்கு மூளைதான் வேண்டும். பவளத்தோடு திரும்பும்போது அவர் முகத்தில் ஈயாடாது.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. கல்லை நக்கிப் பார்ப்பாள். ஈரம் பட்டால்தான் கல்லுக்குள் இருக்கும் கோடும் வரியும் துலங்கும். அதற்காக மற்றவர்கள் ஒரு புட்டியில் தண்ணீர் வைத்திருப்பார்கள். புட்டி தேடும்போது கிடைக்காது, நாக்கு அப்படியல்ல என்பது இவள் கட்சி. ஒரு முறை ஒரு பெரியவர், குளிர்பெட்டிக்குப் பின்னால் கிடைத்தது என்ற உண்மையை மறைத்து, கறுத்த உருண்டை ஒன்றை நீட்டினார். இவளும் வழக்கம்போல நக்கிப் பார்த்தாள். "இல்லை. பன் ரொட்டி," என்றாள். அந்த வாரம் முழுக்கக் காவலாளி அவளைப் பார்த்தபோதெல்லாம் உப்பு சரியாக இருந்ததா என்று கேட்டான்.

இத்தனையையும் அவள் பொறுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. கொம்புப் பவளம் என்று ஒரு வகை. மாட்டுக் கன்றின் கொம்பு போல வளைந்து, முனை கூராக, மேல்பக்கம் கிண்ணமாகக் குழிந்திருக்கும். கிண்ணத்துக்குள் மெல்லிய சுவர்கள் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி நடுவை நோக்கி ஓடும். அதில் ஓர் இனத்துக்கு மட்டும் அந்தச் சுவர்கள் நடுவில் போய்க் கயிறு முறுக்கியதுபோல முறுக்கிக்கொள்ளும் என்று அவள் வாதிட்டு வந்தாள். அவளிடம் இருந்ததெல்லாம் உடைந்த துண்டுகள். முழுக் கிண்ணத்தோடு ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும். என்றாவது ஒரு சனிக்கிழமை, எவர் பொட்டலத்திலிருந்தாவது அது வெளியே வரும் என்று காத்திருந்தாள்.

வீட்டில் விஷயம் வேறு மாதிரி வந்து சேர்ந்தது.

"அம்மா, ஞாயித்துக்கிழமை நாம அவங்க வீட்டுக்கு டீ குடிக்கப் போறோம்," என்றாள் மகள். 'அவங்க' என்றால் அவள் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிற பையனின் வீடு. பையன் பாலம் கட்டும் இன்ஜினியர். "அவங்க அப்பா பல் டாக்டர்."

"நல்லது."

"அவர் கல்லு சேக்கறார்."

இல்லையம்மா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

"கண்ணாடி அலமாரி நெறைய வெச்சிருக்கார். நடுத்தட்டுல வெல்வெட் மேல ஒரு பல்லு. ஏதோ பெரிய மிருகத்தோடது, கோடிக்கணக்கான வருஷம் பழசு. வர்றவங்க எல்லாருக்கும் அதைக் காட்டுவார். உனக்கும் காட்டுவார்."

"பல்லாவா இருக்கும்?"

"பாத்தியா, இன்னும் கண்ணால கூடப் பாக்கலை. அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டே." மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் இறங்கியது. "அம்மா, விளையாட்டு வேண்டாம். அவங்க அம்மா அவன் சின்னப் பையனா இருக்கும்போதே போயிட்டாங்க. அவனுக்கு எல்லாம் அப்பாதான். அவர் சரின்னு சொல்லாம அவன் ஒரு சட்டை கூட வாங்க மாட்டான். நம்மளை அவருக்குப் பிடிக்கலைன்னா இது நடக்காது. அந்தப் பல்லைப் பாத்துட்டு இதுவரைக்கும் ஒருத்தர் கூட இல்லைன்னு சொன்னது கெடையாதாம். நீயும் சொல்லாதே. ரெண்டே ரெண்டு விஷயம்தான் கேக்கறேன். இல்லைன்னு சொல்லாதே. நக்காதே."

"பின்ன என்னதான் சொல்றது?"

"'அருமையா இருக்கு'ன்னு சொல்லு," என்றார் அவள் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். "நான் தினமும் சொல்றேன். எல்லா மூஞ்சிக்குமா எல்லா ஃப்ரேமும் பொருந்துது? கடை நடக்கணுமே."

அன்றே ஒத்திகை ஆரம்பமானது. கணவர் சமையலறையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து மனைவியின் மூக்குக்கு நேராக நீட்டி, "டைனோசர் முட்டை. எப்படி?" என்றார்.

இல்லையம்மாவின் உதடு 'இ' என்று விரிந்தது. மகள் முறைத்தாள். விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு இல்லையம்மா, "அருமையா இருக்கு," என்றாள். மகள் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இந்தப் பெண்ணுக்காக ஓர் உருளைக்கிழங்கை முட்டை என்று ஒப்புக்கொள்ள முடியாதா என்று அந்த நிமிடத்தில் இல்லையம்மாவுக்கே தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மாலை போனார்கள். கீழே மருத்துவமனை, மேலே வீடு. மாடிப்படி ஏறும்போதே கிராம்பு எண்ணெய் வாசனை. இல்லையம்மாவின் இடது கன்னம் தானாகச் சுருங்கியது. பல் டாக்டர் இருக்கும் தெருவையே தவிர்த்து வேறு வழியாகச் சுற்றிப் போகிறவள் அவள். டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். உயரமானவர், சுத்தமானவர், நகத்தைக் கூட ஓர் அளவில் வெட்டியிருந்தார். ஆனால் மனிதர் எதிராளியின் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. வாயைப் பார்த்துத்தான் பேசினார். இல்லையம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வழி கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துதுங்களா?"

"சுலபமா இருந்துது," என்றாள். மகள் மெல்ல மூச்சு விட்டாள்.

"டீக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை?"

"போதும்."

"ஃபேனைக் குறைக்கணுமா?"

"இப்படியே இருக்கட்டும்."

"இந்தப் பக்கமெல்லாம் முன்னாடி வந்திருக்கீங்களா?"

"இதுதான் முதல் தடவை."

இல்லை என்கிற ஒரு சொல்லைப் பேச்சிலிருந்து எடுத்துவிட்டால் மீதியை வைத்துக்கொண்டு ஒரு கோப்பை டீ குடிப்பதே எவ்வளவு பெரிய பாடு என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. நெற்றியில் வேர்வை அரும்பியது. அதைப் பார்த்துவிட்டு டாக்டர், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். இதற்கு என்ன சொன்னாலும் வம்பு. கணவர் குறுக்கே புகுந்து, கேக் அருமையாக இருக்கிறது என்றார். கேக் அப்போது இன்னும் வெட்டப்படவே இல்லை.

பையன் நல்ல பையன். "ஆன்ட்டி, நான் சின்ன வயசுல மியூசியத்துக்கு வந்திருக்கேன்," என்றான். அப்பாவின் பல்லைப் பற்றி ஐந்தாம் வகுப்பில் மேடையேறிப் பேசிப் பரிசு வாங்கியதைச் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து இல்லையம்மா டீக்கோப்பைக்குள் குனிந்துகொண்டாள். இவன் நம்பிக்கையிலுமா கை வைக்க வேண்டும்?

டீ முடிந்தது. டாக்டர் எழுந்தார். "வாங்க, என் பொக்கிஷத்தைப் பாருங்க."

கண்ணாடி அலமாரி சுவர் முழுக்க நின்றது. சங்குகள், படிகங்கள், சுருள் சுருளான நத்தைக் கல், 'கல்லான தேன்கூடு' என்று அட்டை வைத்த ஒரு தேன்கூட்டுப் பவளம். இல்லையம்மா எச்சிலை விழுங்கிக்கொண்டு "அருமை" என்றாள். அடுத்த தட்டுக்கும் "அருமை". மகள் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டே கூட வந்தாள். பார்ப்பவர்களுக்குப் பாசம் மாதிரி இருக்கும், ஆனால் அது கடிவாளம்.

நடுத்தட்டில் கருநீல வெல்வெட். அதன்மேல் அது.

மற்ற அட்டைகள் எல்லாம் டைப் அடித்து ஒழுங்காக வெட்டியவை. இதற்கு மட்டும் கையெழுத்து. சாய்வான, அவசரமான எழுத்தில் 'பல்' என்று ஒரே சொல். டாக்டர் அலமாரியைத் திறந்து, அதை இரண்டு விரலால் எடுத்து இல்லையம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

வளைந்த கூம்பு. கூரான முனை. கூம்பைச் சுற்றி வளையம் வளையமாகச் சுருக்கங்கள். கொம்புப் பவளம் என்று அவள் கை சொல்லிவிட்டது, கண்ணுக்கு வேலையே இல்லை. ஆனாலும் கண் பார்த்தது. முனையிலிருந்து மேலே ஓடிய மெல்லிய கோடுகள் நேராக ஓடவில்லை, சாய்ந்து ஓடின. வெளியில் கோடு சாய்ந்தால் உள்ளே சுவர் முறுக்கியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் எந்தப் பொட்டலத்திலும் வராதது, ஒரு பல் டாக்டரின் வெல்வெட்டில் உட்கார்ந்திருக்கிறது. கிண்ணத்தை எட்டிப் பார்க்க அவசரமாகத் திருப்பினாள்.

கிண்ணத்தைக் காணவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக, வழவழவென்று, கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளங்களோடு ஒரு பூச்சு.

"சொத்தை இருந்துது," என்றார் டாக்டர். "பெரிய குழி. நான்தான் அடைச்சேன்."

இல்லையம்மாவுக்கு அலற வேண்டும்போல இருந்தது. அவள் ஆயுசெல்லாம் எட்டிப் பார்க்க ஏங்கிய ஒரே கிண்ணத்தைச் சிமெண்ட் வைத்து அடைத்து, பாலிஷும் போட்டிருக்கிறார் ஒரு மனிதர். குறைந்தபட்சம் அந்தக் கோடுகளையாவது சரியாகப் பார்த்துவிட வேண்டும். அவள் மகளை மறந்தாள், கல்யாணத்தை மறந்தாள். நாக்கு தானாக வெளியே வந்தது. அடியிலிருந்து முனை வரை ஒரே இழுப்பாக நக்கினாள்.

கணவர் இருமினார். அந்த இருமலால் மறைக்கக் கூடிய காரியமாக அது இல்லை. பையன் வாயைப் பிளந்தான். மகள் முழங்கையை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என்ன பண்றீங்க?" என்றார் டாக்டர்.

"பழக்கம்," என்றாள் இல்லையம்மா. ஈரத்தில் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. சாய்வுதான். சந்தேகமே வேண்டாம்.

டாக்டர் அவள் வாயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "சரி. இந்த விஷயத்துல உங்களை மிஞ்ச ஆள் கெடையாதுன்னு பையன் சொன்னான். நீங்களே சொல்லுங்க. இது பல்லா?"

"அருமையா இருக்கு," என்றாள்.

"அருமைன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. நான் அதைக் கேக்கலை. பல்லா?"

இல்லையம்மா மகளைப் பார்த்தாள். மகளின் கண் கெஞ்சியது. பையனைப் பார்த்தாள். அவன் சிரித்த முகத்தோடு பதிலுக்குக் காத்திருந்தான். 'ஆமாம்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் உள்ளங்கையில் அது கனத்தது. யாரும் பார்க்காத ஒரு கடலடியில் சுவர் சுவராகக் கட்டிக்கொண்டு போன உயிர். அதன் வீடு இது என்று எடுத்துச் சொல்ல இந்த அறையில் தன்னைவிட்டால் நாதி கிடையாது என்று அவளுக்குத் தோன்றியது.

"இல்லை," என்றாள்.

டாக்டர் கையை நீட்டிக் கல்லை வாங்கிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நீங்க மட்டும் கீழ வாங்க," என்று சொல்லிவிட்டு முன்னால் இறங்கிப் போனார். மகளின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்தபடியே இல்லையம்மா படியிறங்கினாள். பெற்ற பெண்ணின் வாழ்க்கையைத் தன் நாக்காலேயே கெடுத்துவிட்டோமே, அதுவும் இரண்டு விதத்தில், என்று தன்னையே நொந்துகொண்டாள்.

கீழே உட்கார இடம் என்று இருந்தது நோயாளி நாற்காலி ஒன்றுதான். அதில் நுனியில் உட்கார்ந்தாள். டாக்டர் விளக்கைப் போட்டார், தன் சுழல் ஸ்டூலை இழுத்துக்கொண்டார், கல்லைத் தட்டில் வைத்தார்.

"நான் முப்பது வருஷமா பல் பாக்கறேன்," என்றார். "எனக்கு ஒரு பல்லைத் தெரியாதா?"

இல்லையம்மா விழித்தாள்.

"என் வீட்டுக்காரி எடுத்தது இது. ஆத்தோரமா நடக்கப் போயிருந்தோம். இதைக் கையில குடுத்து, 'டாக்டர், பேஷண்ட்டுக்குச் சொத்தை, கொஞ்சம் பாருங்க'ன்னா. நானும் பாத்துட்டு, 'கொஞ்சம் முன்னாடி வந்திருக்கணும்மா, ஒரு கோடி வருஷம் லேட்டு'ன்னேன்."

'முப்பது கோடி' என்று திருத்தப் போனவள் வாயை மூடிக்கொண்டாள்.

"அப்புறம் அவ படுத்துட்டா. எந்திரிக்க மாட்டாள்னு ரெண்டு பேருக்கும் தெரியும். ஒரு நாள் பூரா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் படுத்திருந்தா. எனக்கு வேற என்ன தெரியும்? கீழ வந்து இதை அடைச்சேன். ஒழுங்கா, வழக்கம்போல, பாலிஷ் வரைக்கும். மேல கொண்டுபோய் அவ கையில வெச்சு, 'ரெண்டு மணி நேரத்துக்கு எதையும் கடிக்கக் கூடாதுன்னு பேஷண்ட்கிட்ட சொல்லிடு'ன்னேன். சிரிச்சா பாருங்க. கட்டிலே ஆடிப்போச்சு. அந்தச் சிரிப்போட எழுதினதுதான் அந்த அட்டை."

அவர் கல்லை விரலால் லேசாகத் திருப்பினார்.

"பையன் அட்டையைப் படிச்சான், நம்பிட்டான். சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஸ்கூல்ல பேசிப் பரிசோட வந்து நிக்கறான். அப்புறம் எங்க சொல்றது? வந்தவங்க எல்லாரும் 'ஆமா டாக்டர், பல்லேதான்'னாங்க. ஒருத்தராவது இல்லைன்னு சொன்னா, அவ பண்ணின கேலியை அவங்ககிட்ட சொல்லிச் சிரிக்கலாமேன்னு நானும் எல்லாருக்கும் எடுத்து எடுத்துக் காட்டினேன். யாரும் சொல்லலை. இத்தனை வருஷம் ஆச்சு, நீங்க வர்றதுக்கு."

இல்லையம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. எது முந்துவது என்று தெரியாமல் இரண்டும் சேர்ந்து வந்தன. டாக்டர் ஒரு பஞ்சை எடுத்து நீட்டினார். கைக்கு அகப்பட்டது அதுதான்.

"பல்லு கெடையாதுன்னு தெரியும். என்னன்னு தெரியாது," என்றார்.

"பவளம். கொம்புப் பவளம்." மூக்கைத் துடைத்துக்கொண்டே கடலையும் உயிரையும் வீட்டையும் சொன்னாள். கயிறு முறுக்குச் சுவரையும், அதைத் தான் தேடிக்கொண்டிருப்பதையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். சனிக்கிழமை வரிசையில் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. "மேல குழியா இருந்துதே, அதுலதான் அந்த உயிர் உக்காந்திருக்கும். அதோட வாய் இருந்த இடத்தைத்தான் நீங்க அடைச்சு வெச்சிருக்கீங்க."

"வாயா?" டாக்டரின் முதுகு நிமிர்ந்தது. "அப்போ என் துறைதான்."

அதற்கு மேல் இருவரும் அடக்கிக்கொள்ளவில்லை. சிரித்தார்கள். சிரிக்கும்போது இல்லையம்மா கையால் வாயைப் பொத்த மறந்துவிட்டாள்.

"இடது பக்கம் கீழ," என்றார் டாக்டர் சட்டென்று. "நீங்க நக்கும்போதே பாத்தேன். எத்தனை நாளா வலிக்குது?"

"அது அப்பப்போ. அப்புறம் பாத்துக்கலாம் டாக்டர்."

"சாஞ்சு உக்காருங்க. வாயைத் திறங்க."

மாடியில் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கீழேயிருந்து முதலில் சிரிப்பு மாதிரி ஏதோ கேட்டது, அல்லது சண்டை. பிறகு மெஷின் உறுமும் சத்தம். மகள் எழுந்து படியிறங்கி ஓடினாள், பின்னாலேயே மற்ற இருவரும். கதவைத் தள்ளினால், அம்மா நாற்காலியில் மல்லாந்து கிடக்கிறாள், கழுத்தில் துணி, வாய் குகை மாதிரி திறந்திருக்கிறது, மேலே குனிந்து டாக்டர்.

"ஒண்ணும் பயப்படாதீங்க," என்றார் டாக்டர் திரும்பிப் பார்க்காமல். "சம்பந்திக்கு ஒரு சொத்தை."

சம்பந்தி என்ற சொல் அறையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து எல்லோர் காதிலும் ஏற ஒரு நிமிடம் ஆயிற்று. மகள் பையனைப் பார்த்தாள். பையன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"கல்யாணத்தை மழைக்கு முன்னாடி வெச்சுக்கலாமா சம்பந்தி?" என்று கேட்டார் டாக்டர், வேலையை நிறுத்தாமல்.

மழைக்கு முன்னாடி என்றால் இவளுக்கு ஆற்றங்கரை ஆராய்ச்சி நடக்கிற காலம். "ஆ," என்றாள் இல்லையம்மா. அந்த நிலைமையில் மனித வாயிலிருந்து வேறு சொல் வராது.

"கொஞ்சம் நெறைய பேரைக் கூப்பிடணும். என் பேஷண்ட்ஸே ஐந்நூறு பேர் இருப்பாங்க. சரியா?"

"ஆ!" என்றாள், கண்ணை உருட்டி.

"ஆன்ட்டி... அத்தை," என்று பையன் திருத்திக்கொண்டான், "ஊருக்கு வெளியில பெரிய மண்டபமா பாக்கட்டுமா?"

"ஆ, ஆ, ஆ!"

"அம்மா எல்லாத்துக்கும் சரின்னுட்டாங்க," என்றாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. கணவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று மனைவியின் திறந்த வாயை மரியாதையோடு பார்த்தார். கல்யாணமான நாள் முதல் இவள் இத்தனை முறை ஒத்துக்கொண்டு அவர் கேட்டதேயில்லை. டாக்டரிடம் இந்த நாற்காலி எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்.

வேலை முடிந்தது. மற்றவர்கள் கேக்கை நிஜமாகவே வெட்டுவதற்காக மேலே போனார்கள். இல்லையம்மா மரத்துப்போன கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி நின்றாள். டாக்டர் கை கழுவிக்கொண்டு வந்தார். தட்டிலிருந்த கல்லை எடுத்து விளக்கின் கீழ் வைத்தார்.

"இதுல அடைச்சதை எடுத்துட்டா, எந்த இனம்னு தெரிஞ்சுடுமா?"

அவள் தலையசைத்தாள். தெரிந்துவிடும். அந்த வெள்ளைப் பூச்சுக்குக் கீழே, ஒரு விரல் நகத்தின் ஆழத்தில், அவள் இத்தனை காலம் வாதாடிய சுவர்கள் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன.

"கொஞ்ச நேர வேலை. எடுத்துடறேன். பேர் வெச்சுடுங்க." அவர் மெஷினைக் கையில் எடுத்து ஓடவிட்டார். முப்பது வருஷமாக நடுங்காத கை அது; இப்போதும் நடுங்கவில்லை. ஆனால் கல்லுக்கு மேலே போய் நின்றுவிட்டது. நின்றது நின்றபடியே இருந்தது.

இல்லையம்மா கல்லை எடுத்தாள். விளக்குக்கு நேராகப் பிடித்து அந்தப் பூச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விளிம்பில் ஒரு மயிரிழை இடைவெளி கிடையாது. மேட்டையும் பள்ளத்தையும் அவ்வளவு பொறுமையாக, மேலே ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தபோது செதுக்கியிருக்கிறார்.

"அழுமையா இழுக்கு," என்றாள் கோணிய வாயால். ஒத்திகை பார்த்த சொல்தான். இந்த முறை தானாக வந்தது. கல்லைக் கொண்டுபோய் அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

மெஷின் நின்றது. டாக்டர் அவளைப் பார்த்தார். முதல் முறையாக வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தார்.

"பேர் தெரியாமலே போனா உங்களுக்கு உறுத்தாதா, சம்பந்தி?"

"இய்யை," என்றாள் இல்லையம்மா.

அன்று மாலை அவள் சொன்னவை இரண்டே இரண்டு 'இல்லை'. முதலாவது மட்டும்தான் உண்மை.